ரேடியேட்டர் மருந்தும் மூன்று டிரம் தண்ணீரும்

எங்கள் வேன் கொதித்து நிற்காத இடம் ஓசூர் ரோட்டில் ஒன்றும் பாக்கியில்லை. மடிவாளா மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் நின்று நாலு பக்கத்து ஹாரனையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் இறங்கி, துண்டை நாலாக மடித்து, ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். புஸ்ஸென்று ஆவி வரும். அவர் பின்னால் குதிப்பார். பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை நடப்பதுபோல எங்களைப் பார்த்து, "பாயில் ஆயிடுச்சு" என்பார். உள்ளே வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது தெரியாதாம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் வேலை பார்த்த ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு என்று ஒன்று கொடுத்தார்கள். அவருக்கு விருப்பம் ஒன்றும் இருக்கவில்லை, கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டார். வந்த பணத்தில் ஜீவனஹள்ளி வீட்டுக்கு மேலே ஒரு அறை கட்டலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் ஒருநாள் சாயங்காலம் பழைய டீசல் வேன் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் வெளியே போகவில்லை. மூன்றாவது ஹாரனுக்குத்தான் போனேன். அதுவும் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து நின்றுவிட்டதால்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பதினாலு பேர் பொம்மசந்திராவில் சட்டை தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். இரண்டு பஸ் மாறி, தொங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களை ஏற்றிப்போய் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது என்று பேசி முடித்தார். ஆனால் அந்தப் பெண்களின் வீடுகளில் ஒரு நிபந்தனை போட்டார்கள். தனியாக ஓர் ஆம்பளையோடு வேனில் அனுப்ப மாட்டோம், வயசான பொம்பளை ஒருத்தி கூட வந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். எனக்கு அப்போது ஐம்பதுகூட முழுசாக ஆகவில்லை. அந்த வயசான பொம்பளை நான்தான் என்று என்னைக் கேட்காமலேயே முடிவாகிவிட்டது. அதனால் அந்த வேன் போன இடமெல்லாம், நின்ற இடமெல்லாம், நானும் பின் சீட்டில் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். இதில் எதையும் நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

பதினாலு பேரில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அவளை நான் முன் சீட்டுக்காரி என்றே சொல்கிறேன். அந்த வேனில் இன்ஜின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருந்தது. அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவளுக்கு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரிதான். யாரும் உட்கார மாட்டார்கள். அவள் மட்டும் தானாகப் போய் உட்கார்ந்தாள். கேட்டதற்கு, பின்னால் நசுங்குவதைவிட இது தேவலாம் என்றாள். வேனில் சூடு காட்டுகிற முள் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. அந்த முள்ளின் வேலையை இவள் கால் பார்த்தது. "அண்ணே, கால் சுடுது" என்று அவள் சொன்னால் இன்னும் அரை மைலில் வண்டி கொதிக்கும் என்று அர்த்தம்.

அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவன். இரண்டு பிள்ளைகள். அவள் காலர் தைத்து வருவதில்தான் அந்த வீட்டில் உலை ஏறும். கம்பெனியில் காலை எட்டரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். பிந்தினால் அரை நாள் சம்பளம் போகும். சாப்பாட்டு வேளை வரைக்கும் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்து, அதற்குப் பிறகுதான் உள்ளே போக வேண்டும். அதோடு ரிஜிஸ்டரில் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு குறி. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டியதுதான். அந்த வேலைக்குக் காலையில் கேட் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

அந்த மாதம் எங்கள் வேன் கொதித்ததால் எல்லாருக்கும் ஒரு சிவப்பு விழுந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்ததால் இவளுக்கு ஏற்கெனவே ஒன்று. ஆக மற்றவர்களுக்கு ஒன்று, இவளுக்கு இரண்டு. மாதம் முடிய இன்னும் பத்து நாள் கிடந்தது.

அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, இன்னும் ஒரு வாட்டி நின்னா என் வேலை போயிடும். ரிப்பேர் பண்ணுங்க, இல்லன்னா சொல்லிடுங்க, நான் பஸ்லயே போறேன்" என்றாள். என் வண்டியைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் வண்டி சரியாகிவிடும், நான் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினேன். அப்போது என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சிவாஜிநகரில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனோம். பாய் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் பக்கு பக்காக ஏதோ ஒட்டியிருந்தது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். போர் தண்ணீர் என்றார் இவர். பாய் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

என்னை ஏன் பார்த்தார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில் இரண்டு மணி நேரம் வரும். மூன்று டிரம் பிடித்து வைப்பேன். குடிக்க, சமைக்க அதுதான். குளிக்க, துவைக்க போர் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேனுக்குத் தண்ணீர் என்று இவர் குடத்தை எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் வந்தபோதெல்லாம் நான் விடவில்லை. மனுஷர் குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்றுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இரண்டு வருஷமாக அந்த வேன் போர் தண்ணீரைத்தான் குடித்தது.

பாய் நிதானமான ஆள். "அம்மா, உங்க வூட்ல வெந்நீர் போடற தவலையில அடியில உப்பு கட்டுதில்ல, அதேதான் இது. ரேடியேட்டர் குழாயெல்லாம் பாதி அடைச்சுக்கிச்சு. கழட்டி, கம்பி வுட்டு குத்தணும். ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க" என்றார். எனக்குப் புரிந்தது. தவலையை நான் வருஷத்துக்கு இரண்டு தடவை புளி போட்டு ஊறவைத்துச் சுரண்டுகிறவள்தான். விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பெண்களை விட்டால் காக்ஸ் டவுனில் இதே மாதிரி வேன் ஓட்டுகிறவன் தன் வேனில் ஏற்றிக்கொள்வான், அவன் வண்டியில் பாட்டு பாடுகிறது, ஒருதடவை ஏறினவர்கள் இறங்க மாட்டார்கள் என்றார். எங்கள் வேனில் பாட்டு கிடையாது. அதில் பாடுகிறது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆவி.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கொழுந்தன் வந்தார். பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், மாமியார் சகிதமாக, சொல்லாமல் கொள்ளாமல். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டரில் நிற்கிறவர். ஒரு சாமானை விற்று விற்று, அதைச் செய்தவனே தான்தான் என்கிற நினைப்பு அவருக்கு வந்துவிட்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். மேலே ரேடியேட்டர் படம், பளபளவென்று, எங்கள் வண்டி ஜென்மத்தில் பார்த்திராத பளபளப்பு. இதை ஊற்றி வண்டியை ஓடவிட்டால் உள்ளே இருக்கிற உப்பு, துரு எல்லாம் கரைந்து வந்துவிடுமாம். ஒன்றையும் கழற்ற வேண்டாமாம். "இருபது நிமிஷம் அண்ணி. மெக்கானிக்குங்க ரெண்டு நாள் பண்றத இது இருபது நிமிஷத்துல பண்ணும்" என்றார். அப்படியென்றால் மெக்கானிக்குகள் எல்லாரும் பைத்தியக்காரர்களா என்று கேட்டேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் குடும்பத்தில் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சிரிப்பார்கள்.

ஆறு பேர் அதிகப்படி சாப்பாட்டுக்கு. நான் உள்ளே போய்ப் பெரிய பாத்திரத்தில் அரிசியை அளந்து போட்டேன். வெளியே அவர்கள் பழைய தண்ணீரை வடித்துவிட்டு மருந்தை ஊற்றினார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீராக வேண்டும், போர் தண்ணீர் ஊற்றினால் மருந்து வீணாகிவிடும் என்றார் கொழுந்தன். வயிறு எரிந்தது, ஆனாலும் கொடுத்தேன். இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். தெருவே புகை.

இருபது நிமிஷம் கழித்து, சூடு ஆறவிட்டு, அடியில் திருகைத் திறந்தார்கள். வந்ததைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கெட்டியான சாயங்கால டீ. அதில் பக்குகள். எங்கள் தவலையைச் சுரண்டும்போது வருகிற அதே பக்கு. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கே தெரிந்தது. 

அதற்கப்புறம்தான் தொந்தரவு. உள்ளே இருக்கிற மருந்தையும் பக்கையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டுமாம். ஒரு பக்கெட் கொடுத்தேன், செம்மண்ணாக வந்தது. இரண்டாவது கொடுத்தேன், ஆரஞ்சாக வந்தது. மூன்றாவதும் ஆரஞ்சுதான். கொழுந்தன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கையை நீட்டினார். இன்னும் எத்தனை என்று கேட்டேன். "தெளிவா வர்ற வரைக்கும் அண்ணி" என்றார். தெளிவாக வருகிற வரைக்கும். அவர் வீட்டில் மேலே டேங்க், திறந்தால் குழாயில் காவேரி. அடுத்த தண்ணீர் எங்களுக்கு செவ்வாய்க்கிழமைதான். மூன்று டிரம்மில் ஒன்றரைதான் மிச்சம், வீட்டில் ஆறு விருந்தாளி, அதில் மூன்று பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணீர் கேட்கிறதுகள்.

அடுப்படியில் அரிசி களைந்த தண்ணீர் இருந்தது. எட்டு, பத்துப் பேருக்குக் களைந்தது, மூன்று அலசு, இரண்டு பக்கெட் நிறைய. பின்தெருவில் மாடு வைத்திருக்கிற அம்மாளுக்கு அந்தக் கழனித் தண்ணீரை எடுத்துவைப்பது வழக்கம். கொஞ்ச நேரம் வைத்தால் மாவு அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். நல்ல காவேரித் தண்ணீரில் களைந்ததுதான். அலசத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தேன். மேல் தண்ணீரை மட்டும் மெதுவாகச் சாய்த்து ஒரு பக்கெட் எடுத்துப்போய் நீட்டினேன். வண்டிக்கு முன்னால் நின்ற இவர், யார் கொடுக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாங்கி ஊற்றினார். அடியிலிருந்து வெளிறிப்போய் வந்தது. தம்பி வண்டிக்கு அடியிலிருந்து, "அண்ணே, வெள்ளையா வருது. சுத்தமாயிடுச்சு" என்றார்.

திருகை மூடினார்கள். கடைசியாக நிரப்புவதற்குத் தண்ணீர் கேட்டார்கள். அரை பக்கெட் காவேரி கொடுத்தேன். மீதிக்கு, அந்த மேல் தண்ணீரில் மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன். அடியில் தங்கினதை மாட்டுக்கார அம்மாளுக்கு வைத்துவிட்டேன். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கொழுந்தன் இரண்டு தடவை ரசம் வாங்கினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முன் சீட்டுக்காரி ஏறும்போது இவர், வண்டி இனிமேல் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும் என்று அவளிடம் சொன்னார். அவள் காலை இன்ஜின் மூடிப் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜான்சன் மார்க்கெட் தாண்டினோம், ஒன்றுமில்லை. ஆடுகோடி தாண்டினோம், ஒன்றுமில்லை. இவர் விசில் அடிக்க ஆரம்பித்தார். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மடிவாளா நெருங்கும்போது வழக்கம்போல நெரிசல். வண்டி நின்று நின்று போனது. அப்போது ஒரு வாசனை வந்தது.

நடு சீட்டில் இருந்த ஒரு பெண் மூக்கை இழுத்துவிட்டு, இங்கே யாரோ சோறு வடிக்கிறார்கள் என்றாள். இன்னொருத்தி, கஞ்சி மாதிரி இருக்கிறது, பசிக்கிறது என்றாள். ரோட்டோரத்தில் ஏதாவது மெஸ் இருக்கும் என்று எல்லாரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. என் வீட்டு வாசனை எனக்குத் தெரியாதா? 

"அண்ணே, கால் சுடுது" என்றாள் முன் சீட்டுக்காரி.

ஓரங்கட்டினார். மூடியில் கை வைப்பதற்கு முன்னாலேயே பக்கவாட்டில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. துண்டை வைத்துத் திறந்தார். உலைப் பாத்திரம் பொங்குவதை எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ரோட்டில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளையாக, கொழகொழவென்று, நுரைத்துப் பொங்கி வழிந்தது. நடுவே நேற்று வெளியே வராத உப்புப் பக்குகள், எள்ளுப் போட்ட மாதிரி. ஒரு காய்கறி வண்டிக்காரன் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏன் சார், ஒளகடே அன்ன மாட்தித்தீரா?" என்றான். உள்ளே சோறு ஆக்குகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறான். பெண்கள் சிரித்துவிட்டார்கள். முன் சீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் தம்பியைத் திட்ட ஆரம்பித்தார். டூப்ளிகேட் மருந்து, கடையில் விற்காத சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், சோப்புத் தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்றெல்லாம். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ்வளவு பேர் முன்னால், நடுரோட்டில், அரிசி களைந்த தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? வந்த கோபமெல்லாம் இவர் மேல்தான் வந்தது. ஒரு பக்கெட் தண்ணீரை வாங்கி ஊற்றுகிறவருக்கு அதைக் கண்ணால் பார்க்கத் தெரியாதா?

பெண்கள் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். நானும் அவர்களோடு போனேன், வண்டியும் இவரும் கிடக்கட்டும் என்று. இரண்டு பஸ் நிற்காமல் போய், மூன்றாவதில் ஏறினோம். எப்படியோ எனக்கும் முன் சீட்டுக்காரிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பொம்மசந்திரா போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

கேட்டுக்குப் போனபோது எட்டே முக்கால். செக்யூரிட்டி ரிஜிஸ்டரை எடுத்து வரிசையாக சிவப்புக் குறி போட்டான். மற்ற பதிமூன்று பேரையும் சைக்கிள் ஷெட்டில் உட்காரச் சொன்னான். இவள் பெயரில் பேனாவை வைத்தவன் நிறுத்தி, விரலால் மேலே இருந்ததை எண்ணினான். அந்தக் குறியைப் போடாமல், ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஆபீசரைக் கூட்டிவந்தான். தங்கவயல் பக்கத்துத் தமிழர், கண்ணாடி போட்டவர், நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தார். ஆனால் காலையிலேயே அலுத்துப்போயிருந்தார். வேன் ரிப்பேர் என்றாள் இவள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், போன தடவையும் அதுதான் சொன்னார்கள், ரிப்பேர் என்றால் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார். வண்டி மடிவாளாவில் கிடக்கிறது, மெக்கானிக் சிவாஜிநகரில் இருக்கிறார். அவள் கெஞ்சவில்லை. டிபன் பாக்ஸ் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கெஞ்சியிருந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"பேப்பர் குடுங்க. நான் எழுதித் தரேன்" என்றேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். கையெழுத்துப் போடுவேன், பேப்பரில் பெரிய எழுத்தைப் படிப்பேன். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு கடுதாசி எழுதினதில்லை. செக்யூரிட்டி மேஜையில் வைத்து எழுதினேன். அவன் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை எழுதினேன். ரேடியேட்டர் என்று எழுத வராததால் வண்டியின் தண்ணீர்ப் பெட்டி என்று போட்டேன்.

ஆபீசர் வாங்கி மனசுக்குள் படிப்பார் என்று நினைத்தேன். என் எழுத்து அப்படி. எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிக்க முடிந்தது, அதனால் வாய்விட்டே படித்தார். சைக்கிள் ஷெட் பத்தடி தூரத்தில் இருந்தது. "ஐயா, வண்டியின் தண்ணீர்ப் பெட்டியில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினது நான். குடிக்கிற தண்ணீர் போதவில்லை. அது பொங்கி வண்டி நின்றது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. இந்தப் பெண் மேல் தப்பு இல்லை."

 ஷெட்டில் ஒருத்தி சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் இருமினாள்.

நிஜமாகவே கழனித் தண்ணீரா ஊற்றினீர்கள் என்று ஆபீசர் கேட்டார். "மேல் தண்ணிங்க. தெளிஞ்சது. அடியில இருந்தத மாட்டுக்கு வச்சுட்டேன்" என்றேன். அது அவருக்குத் தெரியவேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தெனம் பத்துப் பேர் இங்க வந்து காரணம் சொல்றாங்கம்மா" என்றார். "இப்படி ஒண்ண யாரும் பொய்யா சொல்ல மாட்டாங்க."

அரை நாள் சம்பளம் போகும், அதை ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் சிவப்புக் குறி போட வேண்டாம் என்று செக்யூரிட்டியிடம் சொன்னார். கடுதாசியைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் இருக்க வேண்டும் என்று கொடுக்கவில்லை. நான் எழுதின முதல் கடுதாசி அந்தக் கம்பெனி ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஷெட் பக்கம் நடந்த முன் சீட்டுக்காரி திரும்பி வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்குத் தயாராக நின்றேன்.

"பஸ்ல என் பக்கத்துலயே உக்காந்து வந்தீங்களே அக்கா. அவ்ளோ நேரம். அப்ப சொல்லத் தோணலியே" என்றாள்.

 அவள் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தாள். நான் ரோட்டைத் தாண்டி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நின்றேன்.

சாயங்காலத்துக்குள் ஜீவனஹள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. இவருக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. மாட்டுக்கார அம்மாள் சொல்லித்தான். அவர் என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசம், தம்பிக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். கொழுந்தன் அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், நாலு பேர் கூடின இடத்தில், மருந்து என்னவோ சரியான மருந்துதான், என்று ஆரம்பிப்பார். மீதியை என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் விடுவார். மடிவாளாவிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்துப்போனபோது பாயும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. "மருந்து நல்லாத்தான் உப்பைப் பேத்திருக்கு அம்மா. பேத்தத வெளிய கழுவாம வுட்டா எங்க போகும், குழாய்லதான் போய் உக்காரும்" என்றார். பத்துப் பன்னிரண்டு பக்கெட்டாவது அலசியிருக்க வேண்டும் என்றார். பன்னிரண்டு பக்கெட் காவேரி. அவருடைய வீட்டில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தட்டைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தினார். உப்பும் கஞ்சியும் கலந்து காய்ந்த சாந்து மாதிரி வந்தது. சரியாக இரண்டு நாள். சனிக்கிழமையே விட்டிருந்தால் இதே இரண்டு நாள்தான்.

அந்த இரண்டு நாளும் பெண்கள் பஸ்ஸில் போனார்கள். காக்ஸ் டவுன்காரன் பாட்டு வேனில் இரண்டு பேர் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முன் சீட்டுக்காரி எதில் போனாள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வேனை வாசலில் நிறுத்தி வைத்தோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் கடைசியாக வந்தவள் அவள். ஏறவில்லை. நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்று, "அண்ணே, அந்த மூடியைத் தொறங்க" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இன்ஜின் ஆறிப்போய் இருந்தது, திறந்தார். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். பாய் ஊற்றிக் கொடுத்த பச்சை நிறத்து ரேடியேட்டர் தண்ணீர் வாய்வரைக்கும் இருந்தது. அவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தாள். என் வண்டியை, என் வீட்டு வாசலில், என் கண்ணெதிரே.

பிறகு போய் முன் சீட்டில் உட்கார்ந்து, காலைத் தூக்கி இன்ஜின் மூடிப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் திறக்கச் சொன்னாள். அதற்கு மறுநாளும். வேனை விற்கிற வரைக்கும், மூன்று வருஷத்துக்கு மேல், லீவு நாள் தவிர ஒருநாள்கூட விடவில்லை. அவளுக்கு அந்த மாதத்துக்கு அப்புறம் எங்களால் ஒரு சிவப்புக்கூட விழவில்லை, இருந்தும் விடவில்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் சுருக்கென்றுதான் இருந்தது. இனிமேல் போதும் என்று சொல்லிவிடலாம் என வாய்வரைக்கும் வரும். மற்றவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருக்க, வண்டி கிளம்ப நேரமாகிக்கொண்டிருக்க, நான் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.